அனபெல் பொம்மை: படம் எது, நிஜம் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘அனபெல்’ படம் உண்மைக் கதையா?

பொம்மை உண்மை. படத்தின் கதை கற்பனை. 2014இல் வந்த ‘அனபெல்’ படத்தில் வரும் மியா, ஜான் தம்பதி, அவர்களுடைய கைக்குழந்தை, பக்கத்து வீட்டுக் கொலை, சாத்தானை வழிபடும் கும்பல் எல்லாமே திரைக்கதை எழுதிய கேரி டாபர்மேன் உருவாக்கியவை. நிஜப் பொம்மையைப் பற்றிச் சொல்லப்படும் கதையில் தம்பதியும் இல்லை, குழந்தையும் இல்லை, கொலையும் இல்லை. அந்தக் கதையை ஓரளவு ஒட்டி எடுத்தது என்றால் 2013இல் வந்த ‘தி கான்ஜூரிங்’ படத்தின் முதல் சில நிமிடங்களைத்தான் சொல்ல வேண்டும். பொம்மையோடு குடியிருந்த பெண்கள், பேய்களை ஆராய்வதாகச் சொல்லிக்கொண்ட எட் வாரன், லோரெய்ன் வாரன் தம்பதியிடம் நடந்ததைச் சொல்லும் காட்சி அது.

சரி, நிஜத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை என்ன?

வாரன் தம்பதி சொன்னபடி இது. 1970இல் நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அவருடைய அம்மா பிறந்தநாள் பரிசாக ஒரு துணிப் பொம்மை வாங்கிக் கொடுத்தாராம். அந்தப் பெண்ணும் அவருடைய தோழியும் ஒரே அபார்ட்மென்டில் குடியிருந்தார்கள். காலையில் பொம்மையைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் போனால், மாலையில் அதன் கையும் காலும் வேறு மாதிரி மடங்கியிருக்குமாம். அப்புறம் அறை விட்டு அறை மாற ஆரம்பித்தது. ‘உதவுங்கள்’ என்று சின்னப் பிள்ளை எழுதியது போன்ற பென்சில் சீட்டுகள் கிடைத்தன. ஒரு நாள் பொம்மையின் மேல் ரத்தம் மாதிரி சில சிவப்புத் துளிகள்.

பயந்துபோன இருவரும் ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் ஒருவரை அழைத்தார்கள். அவர்தான் ‘இது அனபெல் ஹிக்கின்ஸ், ஏழு வயதில் இந்த இடத்தில் இறந்துபோன சிறுமி’ என்று சொன்னது. பொம்மைக்குள் இருந்துகொள்ளட்டுமா என்று அந்தச் சிறுமி கேட்பதாகவும் சொன்னார். பாவமே என்று பெண்கள் சரி சொல்லிவிட்டார்கள்.

அவர்களுடைய நண்பர் ஒருவருக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தப் பொம்மை பிடிக்கவில்லை. ஒரு நாள் தூக்கத்திலிருந்து விழித்தபோது உடம்பை அசைக்க முடியவில்லை என்றும், பொம்மை காலிலிருந்து மெல்ல மேலே ஏறி வந்து கழுத்தை நெரித்தது என்றும் அவர் சொன்னாராம். இன்னொரு நாள் யாரோ அறைக்குள் இருப்பது போலச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தவருக்கு மார்பில் ஏழு கீறல்கள். அவை இரண்டே நாளில் தடயமில்லாமல் ஆறிவிட்டன.

பிறகு எபிஸ்கோபல் சபைப் பாதிரியார் வழியாக விஷயம் வாரன் தம்பதியிடம் போனது. சிறுமியின் ஆவியே கிடையாது, எந்தக் காலத்திலும் மனிதனாக வாழாத ஒரு தீய சக்தி சிறுமி போல நடிக்கிறது என்பது அவர்கள் முடிவு. அவர்கள் விளக்கப்படி அது பொம்மைக்குள் குடியிருக்கவும் இல்லை. பொம்மையை நகர்த்திக் காட்டி, மனிதருக்குள் புகுவதற்கு அனுமதி வாங்கப் பார்த்தது. பாதிரியார் வீட்டை ஆசீர்வதித்தார், வாரன் தம்பதி பொம்மையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் வளைவுகளில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் சண்டித்தனம் செய்ததாகவும், எட் புனித நீரைத் தெளித்த பிறகே வீடு போய்ச் சேர்ந்ததாகவும் கதை முடிகிறது.

நிஜப் பொம்மையும் படத்தில் வருவது போலத்தான் இருக்குமா?

கொஞ்சமும் இல்லை. நிஜ அனபெல் ‘ராகெடி ஆன்’ வகைத் துணிப் பொம்மை. சிவப்பு நூல் தலைமுடி, முக்கோண மூக்கு, சிரித்த முகம். ஜானி குரூயல் என்ற அமெரிக்க ஓவியர் 1915இல் இதன் வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார், 1918இல் இதை வைத்துக் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகமும் போட்டார். அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துத் தூங்கிய பொம்மை இது.

படத்தில் ஏன் மாற்றினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ராகெடி ஆன் இன்னொரு நிறுவனத்தின் பிராண்ட். பிள்ளைகளுக்கு விற்கும் பொம்மையைப் பேய்ப் படத்துக்குக் கொடுக்க எந்த நிறுவனமும் முன்வராது. தவிர, அந்தச் சிரித்த முகத்தை வைத்துத் தியேட்டரை அலற வைப்பதும் சுலபமில்லை. விரிசல் விட்ட கன்னமும் வெறித்த கண்ணுமாகப் பீங்கான் பொம்மை சாயலில் ஒன்றைச் செய்தார்கள். 2017இல் வந்த ‘அனபெல்: கிரியேஷன்’ படத்தின் கடைசிப் பகுதியைக் கவனித்துப் பாருங்கள், தத்தெடுக்கப்படும் சிறுமிக்கு ஒரு ராகெடி ஆன் பொம்மை பரிசாக வரும். நிஜப் பொம்மைக்கு ஒரு சலாம்.

என்னைக் கேட்டால், சாதுவான அந்தத் துணிப் பொம்மை கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் போட்டோதான் பீங்கான் முகத்தைவிட அதிகம் உறுத்துகிறது.

வாரன் தம்பதி யார்?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். எட் இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் இருந்தவர், ஓவியர், தானே படித்துத் தன்னைப் பேயியல் நிபுணர் என்று சொல்லிக்கொண்டவர். லோரெய்ன் தனக்கு ஞானதிருஷ்டி உண்டு என்றார். 1952இல் நியூ இங்கிலாந்து ஆவியுலக ஆய்வுச் சங்கம் என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். பெயரில் ஆய்வு இருந்தாலும் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு கிடையாது. அமிட்டிவில் வீடு உட்படப் பல பிரபலமான பேய் வழக்குகளில் தலைகாட்டினார்கள். மன்றோ என்ற ஊரிலிருந்த தங்கள் வீட்டிலேயே, சேகரித்த பொருள்களை வைத்து ஒரு மியூசியம் நடத்தினார்கள். எட் 2006இலும் லோரெய்ன் 2019இலும் காலமானார்கள்.

படங்களில் இவர்களாக நடிப்பவர்கள் பேட்ரிக் வில்சனும் வேரா ஃபார்மிகாவும். அவர்கள் அத்தனை அன்னியோன்னியமாக நடித்துவைத்ததால், நிஜத் தம்பதியைச் சந்தேகிப்பதே பாவம் போல ரசிகர்களுக்குத் தோன்றிவிடுகிறது.

இந்தப் பொம்மைக் கதையை வேறு யாராவது உறுதிசெய்திருக்கிறார்களா?

இல்லை. எந்தக் கட்டுரையிலிருந்து ஆரம்பித்தாலும் கடைசியில் வாரன் தம்பதி வாயில்தான் போய் நிற்கும். கதை விரிவாக அச்சில் வந்தது ஜெரால்டு பிரிட்டில் என்பவர் 1980இல் அவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில். ‘ஆமாம், எங்களுக்குத்தான் நடந்தது’ என்று அந்தப் பெண்களோ நண்பரோ சொன்ன சுயாதீனமான பேட்டி கிடையாது. மார்புக் கீறலின் போட்டோவையோ மருத்துவர் குறிப்பையோ யாரும் பொதுவில் வைக்கவில்லை. கையில் மிஞ்சுவது ஒரு பொம்மையும் அதைப் பற்றி இருவர் சொன்ன கதையும்.

1990களில் ஸ்டீவன் நொவெல்லா, பெர்ரி டி ஏஞ்சலிஸ் என்ற இரு பகுத்தறிவாளர்கள் வாரன் தம்பதியைச் சந்தித்து, இருப்பதிலேயே வலுவான ஆதாரங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தார்கள். இனிமையான மனிதர்கள், நன்றாகக் கதை சொல்கிறார்கள், ஆதாரம் என்று எதுவும் தேறவில்லை என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். வாரன் தம்பதி கையாண்ட இன்னொரு வழக்கைப் பற்றி எழுத அமர்த்தப்பட்ட ரே கார்ட்டன் என்ற திகில் எழுத்தாளர் சொன்னது இன்னும் வேடிக்கை. அந்தக் குடும்பத்தார் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களே என்று எட் வாரனிடம் கேட்டாராம். முடிந்ததை எடுத்துக்கொள், மீதியை நீயே இட்டுக்கட்டு, பயமாக இருந்தால் போதும் என்ற மாதிரி பதில் வந்ததாகக் கார்ட்டன் பிற்பாடு பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

இதைவிடச் சுவாரசியம் 2017இல் நடந்த வழக்கு. அதே ஜெரால்டு பிரிட்டில், ‘கான்ஜூரிங்’ வரிசைப் படங்கள் தன் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று சொல்லி வார்னர் பிரதர்ஸ் மீது 90 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். ஸ்டூடியோவின் பதில்: இவை நிஜச் சம்பவங்கள், நடந்த சம்பவங்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. பிரிட்டில் தரப்போ, இவை நடந்த சம்பவங்களே இல்லை, வாரன் தம்பதி சொன்ன கதைகள், என்னையும் நம்ப வைத்தார்கள் என்று வாதாடியது. ஒரு காலத்தில் உண்மை என்று புத்தகம் எழுதியவர் பொய் என்கிறார், படம் எடுத்தவர்கள் உண்மை என்கிறார்கள்! தீர்ப்பு வருவதற்கு முன்பே வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. ஆனால் அதிலிருந்து ஒன்று தெரிகிறது: போஸ்டரில் ‘உண்மைச் சம்பவம்’ என்று போடுவது ரசிகனைப் பயமுறுத்த மட்டும் உதவுவதில்லை, கோர்ட்டில் கேடயமாகவும் உதவுகிறது.

அப்படியென்றால் அந்தப் பெண்கள் பொய் சொன்னார்களா?

அப்படிச் சொல்ல அவசியமில்லை. இரண்டு மூன்று பேர் புழங்கும் வீட்டில் ஒரு பொம்மை இடம் மாற எத்தனையோ வழி உண்டு. யாராவது விளையாடியிருக்கலாம். காலையில் எப்படி வைத்தோம் என்பது மாலையில் சரியாக நினைவிருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் கண் அதையேதான் தேடும். அந்த நேரத்தில் ‘இது இன்ன பெயருள்ள சிறுமி’ என்று ஒருவர் வந்து சொன்னால், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்தச் சிறுமியின் கணக்கில்தான் சேரும்.

நண்பரின் அனுபவத்தைப் படித்ததும் உங்களுக்கே ஏதோ ஞாபகம் வந்திருக்கும். விழிப்பு வந்துவிட்டது, கை கால் அசையவில்லை, நெஞ்சின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்து கழுத்தை அழுத்துகிறது. நம் ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்வது இதைத்தான். தூக்க முடக்கம் என்கிறது மருத்துவம். கனவு வரும் உறக்கநிலையில் உடம்பின் தசைகள் செயலற்று இருக்கும். அந்த நிலை விலகுவதற்குள் விழித்துக்கொண்டால், திறந்த கண்ணிலேயே கனவும் கலந்து தெரியும். படுக்கும் முன் எதைப் பார்த்துப் பயந்தோமோ அதுவே வந்து நெஞ்சில் ஏறும். இவருக்குப் பொம்மை வந்தது.

அனபெல் என்ற பெயர் அதற்கு முன்பே டிவியில் வந்ததாமே?

வந்தது, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். ‘தி ட்வைலைட் ஸோன்’ என்ற அமெரிக்கத் தொடரில் 1963 நவம்பரில் ‘லிவிங் டால்’ என்ற பகுதி ஒளிபரப்பானது. டாக்கி டீனா என்ற பேசும் பொம்மை வீட்டுக்கு வருகிறது. சிடுசிடுப்பான மாற்றாந்தந்தையிடம் மட்டும் ‘உன்னைக் கொல்லப் போகிறேன்’ என்று சொல்கிறது. அந்தப் பொம்மையை வாங்கிவந்த அம்மாவின் பெயர் அனபெல்.

அம்மா மகளுக்கு வாங்கித் தரும் பொம்மை, வீட்டுக்கு வரும் ஆணிடம் அதற்குப் பகை, அனபெல் என்ற பெயர்! ஏழு வருடம் கழித்து நடந்ததாகச் சொல்லப்படும் கதையில் இந்த மூன்றும் இருக்கின்றன. ஜோசப் லேகாக் என்ற சமயவியல் பேராசிரியர் இந்த ஒற்றுமையைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். யாரோ உட்கார்ந்து காப்பியடித்தார்கள் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. எங்கோ பார்த்தது மனதில் தங்கி, பிறகு ‘நடந்ததாக’ வெளியே வருவது புதிதும் இல்லை. டிவியிலிருந்து பேய்க்கதைக்கும், பேய்க்கதையிலிருந்து சினிமாவுக்கும், சினிமாவிலிருந்து மறுபடி வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கும் இந்தப் பொம்மை ஓய்வில்லாமல் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

பெட்டியைத் தட்டிக் கிண்டல் செய்தவர் பைக் விபத்தில் செத்துப்போனாராமே?

மியூசியத்துக்கு வந்த ஒரு இளைஞர் முடிந்தால் என்னைக் கீறிப் பார் என்று சவால் விட்டதாகவும், எட் வெளியே அனுப்பிவிட்டதாகவும், திரும்பும் வழியில் பைக் மரத்தில் மோதி இறந்ததாகவும் சொல்வார்கள். பெயர், தேதி, செய்தித்தாள் துணுக்கு எதுவும் கூட வருவதில்லை. இதுவும் வாரன் வீட்டுக் கதைதான்.

படங்களை எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

கதை நடக்கும் காலப்படி ‘அனபெல்: கிரியேஷன்’ (2017), ‘அனபெல்’ (2014), ‘அனபெல் கம்ஸ் ஹோம்’ (2019). முதலாவதின் முடிவு இரண்டாவதின் ஆரம்பக் கொலைக்காட்சியில் வந்து ஒட்டும். மூன்றாவது படம் வாரன் வீட்டுக்குள்ளேயே, அவர்களுடைய மகள் ஜூடியைச் சுற்றி நடக்கிறது.

படம் எப்படி, பார்க்கலாமா?

2014 படம் சுமார்தான். இயக்கிய ஜான் ஆர். லியோனெட்டி ‘தி கான்ஜூரிங்’ படத்தின் ஒளிப்பதிவாளர், அது ஃப்ரேம்களில் தெரிகிறது. கீழ்த்தளத்திலிருந்து லிஃப்டில் ஏறி பட்டனை அழுத்த, கதவு திறந்தால் மறுபடி அதே கீழ்த்தளம் என்று வரும் காட்சி ஒன்றுக்காகவே பார்க்கலாம். மற்றபடி கதாநாயகி மியா பாத்திரத்தில் உயிர் இல்லை. கர்ப்பிணி, அபார்ட்மென்ட், சாத்தான் கும்பல் என்பதெல்லாம் 1968இல் வந்த ‘ரோஸ்மேரிஸ் பேபி’யை நினைவூட்டும். மியா, ஜான் என்ற பெயர்களே அந்தப் படத்தில் நடித்த மியா ஃபாரோ, ஜான் கசவெட்டிஸ் இருவருக்கும் செய்த மரியாதை. மியாவாக நடித்தவர் பெயர் அனபெல் வாலிஸ் என்பது தற்செயல்.

விமர்சகர்கள் கிழித்தார்கள், கூட்டம் அள்ளியது. சுமார் 65 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பிரான்ஸில் சில தியேட்டர்கள் இளைஞர் கூட்டத்தின் ரகளை தாங்காமல் காட்சிகளையே நிறுத்தின.

ஒன்றே ஒன்று பார்ப்பேன் என்றால் ‘கிரியேஷன்’ பாருங்கள். டேவிட் எஃப். சாண்ட்பெர்க் இயக்கியது. மகளைப் பறிகொடுத்த பொம்மைத் தச்சர், அவர் வீட்டில் அடைக்கலம் வரும் அனாதைச் சிறுமிகள் என்று கதைக்கு ஒரு கனம் இருக்கிறது, பயமும் அதிலிருந்து வருகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் மூன்றுக்குமே ‘ஆர்’ சான்றிதழ்தான், 17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணையோடுதான் விடுவார்கள்.

‘சைல்ட்ஸ் ப்ளே’ படத்தில் வரும் சக்கி பொம்மைக்கும் இதே மாதிரி நிஜக்கதை உண்டா?

இணையத்தில் ராபர்ட் என்ற பொம்மையைக் காட்டுவார்கள். ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் ஊரில் ஜீன் ஓட்டோ என்ற ஓவியர் சிறுவனாக இருந்தபோது கிடைத்த பொம்மை அது. ஜெர்மனியின் ஸ்டைஃப் நிறுவனத் தயாரிப்பு, 1904 வாக்கில் வந்தது, மாலுமிச் சட்டை போட்டிருக்கும், மூன்றடிக்கு மேல் உயரம். ஓட்டோ 1974இல் இறந்தார். 1994இல் பொம்மை அங்குள்ள ஈஸ்ட் மார்டெல்லோ மியூசியத்துக்குப் போனது. அனுமதி கேட்காமல் போட்டோ எடுத்ததால் கெட்ட காலம் பிடித்துவிட்டது, மன்னித்துவிடு என்று அதற்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் சக்கியை உருவாக்கிய டான் மான்சினி சொன்ன காரணம் வேறு. 1980களில் கேபேஜ் பேட்ச் பொம்மைகளுக்காக அமெரிக்கப் பெற்றோர் கடைகளில் அடித்துக்கொண்டதும், டிவி விளம்பரங்கள் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டியதும்தான் 1988இல் வந்த ‘சைல்ட்ஸ் ப்ளே’ படத்துக்கு விதை. ராபர்ட்டை சக்கியோடு முடிச்சுப் போட்டது படம் வந்த பிறகு வளர்ந்த பேச்சு.

அனபெல் தப்பித்துவிட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறதே?

2020 ஆகஸ்டில் ட்விட்டரில் முதலில் பெரிதாகக் கிளம்பியது. கொரோனா வருடம், எதையும் நம்பும் மனநிலை. வாரன் தம்பதியின் மருமகன் டோனி ஸ்பெரா, பெட்டிக்குள் இருக்கும் பொம்மையை வீடியோ எடுத்துப் போட்டு, எங்கேயும் போகவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

2025இல் பொம்மையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். மே மாதம் அது நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போய் வந்த சமயத்தில் லூசியானாவில் ஒரு பழைய பண்ணை மாளிகை எரிந்தது, நியூ ஆர்லியன்ஸ் சிறையிலிருந்து கைதிகள் தப்பினார்கள். உடனே பழி பொம்மை மேல். காணாமல் போய்விட்டது என்றும் கிளப்பிவிட்டார்கள், கனெக்டிகட்டில் பத்திரமாக இருப்பதை வீடியோவில் காட்டினார்கள். ஜூலையில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் நிகழ்ச்சி நடத்தப் போன குழுவைச் சேர்ந்த ஒருவர் ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். சந்தேகப்பட ஒன்றுமில்லை, பொம்மை அந்த அறையிலேயே இல்லை என்று மரண விசாரணை அதிகாரி தெளிவாகச் சொன்னார். ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதரின் மரணத்தைக் குடும்பம் துக்கம் கூடக் கடைப்பிடிக்க விடாமல் மீம் ஆக்கியதைத்தான் இந்த விவகாரத்திலேயே அசிங்கமான பகுதி என்று சொல்வேன்.

இப்போது பொம்மை எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்க முடியுமா?

மன்றோவில் இருந்த மியூசியம் குடியிருப்புப் பகுதி விதிகள் காரணமாகச் சில வருடங்களுக்கு முன்பே பொதுமக்களுக்கு மூடப்பட்டது. 2025 ஆகஸ்டில் நகைச்சுவைக் கலைஞர் மேட் ரைஃபும் யூடியூபர் எல்டன் காஸ்டீயும் அந்த வீட்டை வாங்கினார்கள். அனபெல் உட்பட அங்குள்ள பொருள்களுக்குக் குறைந்தது ஐந்து வருடம் சட்டப்படி பாதுகாவலர்கள் தாங்கள்தான் என்று ரைஃப் அறிவித்தார். இரவு தங்குவதற்கும் சுற்றிப் பார்ப்பதற்கும் திறந்துவிடுவதே திட்டம் என்றும் சொன்னார். அமெரிக்கா போகிறவர்கள் அங்கே போக நினைத்தால், திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அது அக்கம்பக்கத்தில் ஆட்கள் வசிக்கும் சாதாரணத் தெரு, வாசலில் போய் நின்று எட்டிப் பார்க்கிறவர்களைப் பற்றி அங்கிருப்பவர்கள் போலீசுக்குப் போன் செய்வது வழக்கம்தான்.